‘தோல்வி’ என்னும் சொல்: பொருளும் பயன்பாடும் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

சொற்களின் வரலாறு சமுதாய வரலாற்றின் ஒரு கூறாகும். இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டு அறம், கற்பு, ஊழ், வீரம் முதலிய பெருஞ்சொற்களைப் பற்றி நமது ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். ஆயின், அன்றாட வழக்கில் எவ்வித ஐயமுமின்றி நாம் கையாளும் எளிய சொற்கள் அத்துணை கவனம் பெறவில்லை. ‘தோல்வி’ அத்தகைய சொற்களுள் ஒன்று. பரீட்சைப் பெறுபேறு, தேர்தல் முடிவு, கிரிக்கெட் ஆட்டம், சமாதானப் பேச்சுவார்த்தை, காதல், நாவல், சில வேளைகளில் ஒரு மனிதனின் முழு வாழ்க்கை ஆகிய இவையனைத்தையும் மதிப்பிடுவதற்கு இவ்வொரு சொல்லே போதுமானதாகக் கருதப்படுகிறது. இவ்வளவு பரந்த பரப்பில் ஒரு சொல் வழங்கும்போது, அது எதனை வெளிப்படுத்துகிறது என்பதோடு எதனை மறைக்கிறது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

இக்கட்டுரையில் நாம் நிறுவ முயல்வது இதுவாகும்: பழந்தமிழ் வழக்கில் ‘தோற்றல்’ என்னும் வினை, ‘யாரிடம்?’, ‘எதை?’ என்னும் இரு வினாக்களுக்கு விடையளிக்கும் அமைப்பைப் பெற்றிருந்தது. தற்கால வழக்கில் ‘தோல்வி’ என்னும் பெயர்ச்சொல் அவ்வினாக்களிலிருந்து விடுபட்டு, மனிதர் மீது ஒட்டப்படும் ஓர் இயல்பாக மாறியுள்ளது. இம்மாற்றம் வெறும் மொழி மாற்றமன்று.

1

தோல்வி என்பது ‘தோல்’ என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர். கல்வி, கேள்வி, வேள்வி என்பனவற்றிற் காணப்படும் ‘வி’ விகுதியே இதிலும் அமைந்துள்ளது. மலையாளத்திலும் ‘தோல்வி’ வழங்குகிறது. கன்னடத்தில் ‘சோல்’ என்னும் வடிவம் உண்டு. எனவே இது திராவிட மொழிகளிற் பழமையான ஒரு சொல் என்பதில் ஐயமில்லை.

நமது நோக்கிற்கு முக்கியமானது இவ்வினை ஏற்கும் வேற்றுமைகளாகும். ‘அவனிடம் தோற்றான்’ அல்லது ‘அவனுக்குத் தோற்றான்’ என்னும்போது எதிராளி குறிக்கப்படுகிறான். ‘போரில் தோற்றான்’, ‘வழக்கில் தோற்றான்’ என்னும்போது களம் குறிக்கப்படுகிறது. ‘நாட்டைத் தோற்றான்’ என்னும்போதோ பறிபோன பொருள் குறிக்கப்படுகிறது. இம்மூன்றாவது வழக்கு இன்று பேச்சிற் பெரும்பாலும் அருகிவிட்டது. இன்று நாம் ‘நாட்டை இழந்தான்’ என்கிறோம். இழத்தலுக்கும் தோற்றலுக்கும் வேறுபாடுண்டு. வெள்ளத்தால் ஒருவன் வீட்டை இழக்கலாம். ஆனால் வெள்ளத்தில் வீட்டைத் தோற்க முடியாது. தோற்பதற்கு எதிரே ஒருவர் இருத்தல் வேண்டும். பொருள் ஒன்று இடையில் வைக்கப்பட்டிருத்தலும் வேண்டும்.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையின் இறுதியில் வரும் வெண்பாக்களுள் ஒன்று இதற்குச் சிறந்த சான்றாகும். அரசவையில் நின்ற கண்ணகியின் கோலத்தைக் கண்ட மாத்திரத்திலேயே பாண்டியன் தோற்றான் என்றும், அவள் சொல் செவியிற் பட்ட அளவில் உயிரையும் தோற்றான் என்றும் அது கூறுகிறது. ஒரே வினைமுற்று இருமுறை வருகிறது. முதலிற் செயப்படுபொருளின்றியும், பின்னர் உயிரைச் செயப்படுபொருளாகக் கொண்டும் வருகிறது. வழக்கிலே தோற்றவன் உயிரைத் தோற்றான் என்னும் வளர்ச்சியை அவ்வினையின் இலக்கணமே தாங்கி நிற்கிறது. எதிராளியும் அங்கு தெளிவாகக் காட்டப்படுகிறாள். முடியுடை வேந்தன் ஒருவன், கணவனை இழந்த வணிகர் குலப் பெண்ணிடம் தோற்றான்.

இவ்வினையின் பொருளையே வழக்கின் மையமாக்குவது பாரதக் கதையின் சூதாட்டப் பகுதியாகும். தருமன் தன்னைப் பணயம் வைத்துத் தோற்ற பின்னர் பாஞ்சாலியை வைத்துத் தோற்கிறான். சபைக்கு இழுத்து வரப்பட்டவள் எழுப்பும் வினா, தருமன் முன்னர்த் தோற்றது தன்னையா தன்னையன்றி அவளையா என்பதாகும். தன்னைத் தோற்றவனுக்குப் பிறரைப் பணயமாக வைக்கும் உரிமை ஏது? பாரதியின் பாஞ்சாலி சபதத்தில் வீடுமன் நூல் வழக்கை எடுத்துரைத்து, நிகழ்வது அநீதியென்பதை உணர்ந்தும் தடுக்க இயலாதவனாய் நிற்கிறான். 1912ஆம் ஆண்டில் முதற்பாகம் வெளிவந்த அக்காவியத்தைத் தேச விடுதலைக் குறியீடாகக் கண்டு பலர் எழுதியுள்ளனர். அது பொருத்தமானதே. எனினும், பாஞ்சாலியின் வினா அதனினும் விரிந்தது. தோல்வி என்று ஒன்று சொல்லப்படும்போது, யார் யாரைப் பணயமாக வைத்தனர் என்பதே முதலிற் கேட்கப்பட வேண்டியது என அவ்வினா நமக்கு உணர்த்துகிறது. கிழக்கிலே பாண்டிருப்பிலும் வடமேற்கிலே உடப்பிலும் திரௌபதை அம்மன் சடங்குகளினூடாகப் பாரதக் கதையைப் பேணிவரும் மக்களுக்கு இவ்வினா புதியதன்று.

2

வீரயுகச் சமுதாயத்தில் தோல்வி எவ்வாறு நோக்கப்பட்டது? தொல்காப்பியப் புறத்திணையியலில் வெற்றிக்கு வாகை என ஒரு திணை உண்டு. தோல்விக்குத் தனியே ஒரு திணை இல்லை. தோற்றோர் நிலை காஞ்சியிலும் கையறுநிலையிலும் பிற துறைகளிலும் இடம்பெறுகிறது. பரிசில் வாழ்க்கையை மேற்கொண்ட பாணரும் புலவரும் வென்றோரைச் சார்ந்து வாழ்ந்த சமுதாயத்தில் இது எதிர்பார்க்கத்தக்கதே. ஆயினும், அச்சமுதாயத்தின் செய்யுட்கள் தோல்வியைப் பற்றி வியக்கத்தக்க தெளிவுடன் பேசுகின்றன.

வெண்ணிப் பறந்தலையிற் கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். அந்நிகழ்ச்சியைக் கழாத்தலையாரும் வெண்ணிக் குயத்தியாரும் பாடினர். குயத்தியார் பாடியது வென்றவனை நோக்கியாகும். வெற்றி உன்னுடையது, எனினும், புகழ் பெற்று வடக்கிருந்தவன் உன்னிலும் நல்லவன் அல்லனோ என வினவுகிறார் அவர். வென்றவன் முன்னிலையில் நின்று, வெற்றியும் நன்மையும் வேறுவேறு எனச் சொல்லும் துணிவு அப்பாடலில் உண்டு. குயவர் குலத்துப் பெண்ணொருத்தி இவ்வாறு பாடினாள் என அவர் பெயரைக்கொண்டு கருதப்படுவதும் சிந்தனைக்குரியது.

உறையூரை முற்றியிருந்த நலங்கிள்ளியையும் உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியையும் நோக்கிக் கோவூர்கிழார் கூறியது வேறொரு வகையில் முக்கியமானது. இருவர் சூடியதும் ஆத்திக் கண்ணியே. இருவரும் வெல்லுதல் இயலாது. எவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே என்பது அவர் வாதம். இங்கு ‘தோற்றல்’ என்னும் வினையின் எழுவாய் இடம் மாறுகிறது. களத்தில் நிற்பவன் ஒருவன், தோற்பது மற்றொன்று. போரின் முடிவை இரு வேந்தரின் கணக்கிலன்றி அவர்களின் பின்னாலுள்ள கூட்டத்தின் கணக்கில் எழுதிப் பார்க்கும் இந்நோக்கு, நமது அண்மைக்கால வரலாற்றை எண்ணுவோர்க்கு மிகவும் பயன்படுவதாகும்.

திருக்குறளிலே ‘தோல்வி’ என்னும் பெயர் வடிவமே வருகிறது. சான்றாண்மை அதிகாரத்தில், தமக்கு நிகரல்லாதாரிடத்தும் தோல்வியை ஒப்புக்கொள்ளுதலே சால்பின் உரைகல் எனப்படுகிறது. ஊடலுவகை அதிகாரத்திலோ, ஊடலில் தோற்றவரே வென்றவராவர் என்னும் கருத்து அமைகிறது. இரண்டிலும் தோல்வி ஓர் உறவினுள் நிகழ்வது. எதிரே நிற்பவர் இன்னார் என்பது தெளிவு. முன்னதில் ‘நிகரல்லாதார்’ எனப்பட்டோர் யாவர், அந்நிகரை அளந்த அளவுகோல் எது என்னும் வினாக்களை நாம் எழுப்பாது விடமுடியாது. ஏற்றத்தாழ்வை முன்னிபந்தனையாகக் கொண்ட பெருந்தன்மை அது. எனினும், தோல்வியைக் கொள்ளுதல் என்பது அங்கு ஒருவர் அறிந்து செய்யும் செயலாகவே கூறப்பட்டுள்ளது.

3

தற்கால உரைநடைக்கு வருவோம். ‘தோற்றான்’ என்னும் வினைமுற்றின் இடத்தைத் ‘தோல்வி’ என்னும் பெயரும் அதனைத் தொடரும் துணைவினைகளும் பெரிதும் பிடித்துக்கொண்டன. தோல்வியடைந்தான், தோல்வியுற்றான், தோல்வி கண்டான், தோல்வியைத் தழுவினான் என்பன பத்திரிகைத் தமிழில் நாள்தோறும் வருவன. அடைதல், உறுதல், காணுதல், தழுவுதல் ஆகிய இவ்வினைகள் எல்லாவற்றிலும் தோல்வி முன்னரே அமைந்துள்ள ஒன்றாகவும், மனிதன் தானே சென்று அதனைச் சேர்பவனாகவும் காட்டப்படுகின்றனர். எதிராளியைச் சொல்லவேண்டிய அவசியம் வாக்கியத்தில் இல்லாது போகிறது. விளையாட்டுச் செய்தியில் இது தீங்கற்றது. எதிரணியின் பெயர் அடுத்த வரியிலேயே வந்துவிடும். ஏனைய துறைகளில் அவ்வாறன்று.

பரீட்சையை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் உத்தியோகபூர்வ வழக்கு ‘சித்தி’ என்பதாகும். தமிழ்நாட்டிலே தேர்ச்சி எனப்படுவது இங்கு சித்தி எனப்படுகிறது. யோகியர் பெறும் பேறுகளைக் குறித்த வடசொல், திறமைச் சித்தியாகவும் சாதாரண சித்தியாகவும் பரீட்சைத் திணைக்களத்தின் பத்திரத்தில் இடம்பெற்றுள்ளது. சித்தி பெறாதவனைக் குறிக்க அப்பத்திரத்தில் ‘தோல்வி’ என்ற சொல் வேண்டியதில்லை; ‘சித்தியடையவில்லை’ என்னும் எதிர்மறையே போதும். வீட்டிலும் வீதியிலும் அது ‘பெயில்’ ஆகிறது. ஊர்வாயில் தோல்வியாகவும் ஆகிறது. க.பொ.த. சாதாரணதரப் பெறுபேற்றில் முன்னர் ‘எவ்’ இடப்பட்ட இடத்தில் இன்று ‘டபிள்யூ’ இடப்படுகிறது. எழுத்து மாறியது, சல்லடை மாறவில்லை.

பரீட்சையிலே தோற்பவன் யாரிடம் தோற்கிறான்? எதைத் தோற்கிறான்? இவ்வினாக்களுக்கு விடை கூற முயன்றால், விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையும், ஆய்வுகூடம் காணாத தோட்டப் பிள்ளையும், தனியார் போதனைக்குப் பணமில்லாத கமக்காரனும் வாக்கியத்தினுள் வந்து நிற்பர். ‘அவன் தோல்வியடைந்தான்’ என்ற மூடிய வாக்கியத்தில் அவர்களுக்கு இடமில்லை.

1970களின் பல்கலைக்கழக அனுமதி முறை இதனை மிகத் துலக்கமாகக் காட்டுகிறது. 1971ஆம் ஆண்டுக்கான அனுமதியில் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழி மூல மாணவருக்கு 227 புள்ளிகளும் தமிழ் மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகளும் வெட்டுப்புள்ளிகளாகக் கொள்ளப்பட்டன. மருத்துவத்துக்கு அவை முறையே 229, 250 ஆக இருந்தன. 240 புள்ளி பெற்ற ஒரு தமிழ் மாணவன் பரீட்சையில் தோற்றவன் அல்லன். ஆயினும், அவனையும் அவன் குடும்பத்தையும் சூழ்ந்தது தோல்வியென்னும் உணர்வே. அத்தலைமுறையின் அரசியலை அவ்வுணர்வு எத்துணை பாதித்தது என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அதே வேளை, 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர் சிலருக்கும் வாயிலைத் திறந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்துக்குத் தோல்வியாகத் தோன்றியது மன்னாருக்கும் வவுனியாவுக்கும் அவ்வாறே தோன்றியிருக்க வேண்டியதில்லை. ‘யாருக்கு?’ என்னும் வினா எமது சமூகத்தின் உள்ளேயும் கேட்கப்படுதல் வேண்டும்.

தோல்வி வெற்றியின் முதற்படி என்னும் அறிவுரையும் இங்கு குறிப்பிடத்தக்கது. ஆறுதலாகச் சொல்லப்படும் அவ்வாசகமும் ஏறுகின்றவனை மட்டுமே காட்டுகிறது. படிகளைக் கட்டியவர் யார், எத்தனை பேருக்கு அவை போதும் என்பன அதில் எழுவதில்லை.

4

அரசியல் எழுத்தில் இச்சொல்லின் மறைக்கும் ஆற்றல் மேலும் கூடுகிறது. ‘பேச்சுவார்த்தை தோல்வியில் முடிந்தது’, ‘ஒப்பந்தம் தோல்வியடைந்தது’ என எழுதுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. 1957 யூலை 26இல் கைச்சாத்தான பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்தை நோக்குவோம். அதற்கு எதிராக ஜே. ஆர். ஜயவர்த்தனவின் தலைமையில் கண்டி யாத்திரை புறப்பட்டது. 1958 ஏப்ரல் 9இல் பிரதமரின் இல்லத்தின் முன் பிக்குகள் அமர்ந்தனர். பிரதமர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். இங்கு ஒப்பந்தம் எவரோடும் பொருதித் தோற்கவில்லை. அது குறிப்பிட்ட சக்திகளின் நெருக்குதலாற் குறிப்பிட்ட ஒருவரால் கைவிடப்பட்டது. ‘தோல்வியடைந்தது’ என எழுதும் வரலாற்றாசிரியன் செய்தவரை வாக்கியத்திலிருந்து நீக்கிவிடுகிறான்.

மலையக மக்களின் நிலை இதனினும் வேறானது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் பிரதிநிதிகள் பாராளுமன்றம் சென்றனர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அம்மக்களிற் பெரும்பான்மையோரின் வாக்கைப் பறித்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் தோற்றனர் எனச் சொல்ல முடியாது. தோற்பதற்கான தகுதியே அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டிருந்தது. தோல்வி என்பதும் களத்தில் இறங்க உரிமை பெற்றோர்க்குரிய சொல் என்பதை இவ்வுதாரணம் உணர்த்துகிறது.

முற்போக்கு இயக்கத்தின் வழக்கும் ஆராய்ச்சிக்கு விலக்கானதன்று. பிறர்க்கு நேர்ந்ததைத் தோல்வியென்றும் தமக்கு நேர்ந்ததைப் பின்னடைவென்றும் கூறும் போக்கு அங்கு உண்டு. 1977ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் ஓர் ஆசனத்தையேனும் பெறவில்லை. அவை யாரிடம் தோற்றன என்பதற்கு விடை எளிது. எதைத் தோற்றன என்பதே கடினமான வினா. 1956இல் சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து வேண்டுமென வாதிட்ட கட்சிகள், 1960களின் நடுப்பகுதியிற் கூட்டணி அரசியலுக்குள் புகுந்தபோது அக்கோட்பாட்டைக் கைவிட்டன. 1966 சனவரியில் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகளின் பிரமாணங்களை எதிர்த்த ஆர்ப்பாட்டத்திலும் அவை பங்குகொண்டன. பாஞ்சாலியின் வினாவைச் சிறிது மாற்றிக் கேட்டால், அக்கட்சிகள் முன்னர்த் தோற்றது ஆசனங்களையா, கோட்பாட்டையா? ‘பின்னடைவு’ என்ற சொல் இவ்வினா எழாதவாறு காத்து நின்றது.

2009ஆம் ஆண்டு மே மாதத்திற்குப் பின் இச்சொல்லைப் பற்றி எழுதும் எவரும் முள்ளிவாய்க்காலைத் தவிர்த்து எழுதுதல் இயலாது. அரசு, பயங்கரவாதம் தோற்கடிக்கப்பட்டது என அறிவித்து வெற்றி விழா எடுத்தது. விடுதலைப் புலிகளின் சார்பில் மே 17இல் விடுக்கப்பட்ட அறிக்கை, துப்பாக்கிகளை மௌனமாக்குவதாகக் கூறிற்று. தமிழ் மக்களிடையே பேரவலம், இழப்பு, நினைவேந்தல் என்னும் சொற்கள் வழங்கின. ‘தோல்வி’ என்பது பலரால் உணரப்பட்டும் உச்சரிக்கப்படாத சொல்லாயிற்று. இத்தயக்கத்துக்கு நியாயம் உண்டு. அச்சொல்லை ஏற்றால் வென்றவரின் வரலாற்றை ஏற்றதாகிவிடும் என்னும் அச்சம் அதிலுள்ளது. ஆனால் உச்சரிக்காமை ஆராயாமையாகிவிடக் கூடாது.

ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் அளித்த அறிக்கை, பாதுகாப்பு வலயங்கள் மீது அரச படைகள் நடத்திய எறிகணை வீச்சுப் பற்றியும், மக்களை வெளியேறவிடாது புலிகள் தடுத்தமை பற்றியும் நம்பகமான குற்றச்சாட்டுகள் உள்ளனவெனக் கூறிற்று. அக்கரையோரத்தில் ஒடுங்கியிருந்த மக்கள் பணயத்தைத் தாமே வைத்தவர் அல்லர். காணியையும் கை கால்களையும் பிள்ளைகளையும் இழந்தவர் அவர்களே. பயங்கரவாதம் தோற்றது என்னும் வாக்கியத்திலும் சரி, போராட்டம் மௌனித்தது என்னும் வாக்கியத்திலும் சரி, அவர்களுக்கு எழுவாயாக இடமில்லை. எவர் தோற்பினும் தோற்பது குடியே என்ற கோவூர்கிழாரின் வாக்கியத்தில் அவர்களுக்கு இடமுண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017ஆம் ஆண்டு முதல் வீதியோரக் கொட்டகைகளில் அமர்ந்து கேட்பதும் வெற்றி தோல்விக் கணக்கையன்று. தம்மிடமிருந்து எது பறிக்கப்பட்டது, பறித்தவர் யாவர் என்பதையே அவர்கள் கேட்கின்றனர்.

5

இறுதியாக, நமது துறையாகிய இலக்கிய விமர்சனத்தில் இச்சொல் வழங்குமாற்றை நோக்குவோம். ‘இந்நாவல் தோல்வியடைந்துள்ளது’ என்பது மதிப்புரைகளில் மலிந்த ஒரு வாக்கியம். நாவல் எதனைச் செய்ய முற்பட்டது, எந்த இடத்தில் அது இயலாது போயிற்று, எந்த வாசகனை முன்னிட்டு இத்தீர்ப்பு வழங்கப்படுகிறது என்பன கூறப்படாதவிடத்து அவ்வாக்கியம் விமர்சனமாகாது. பரீட்சகர் இடும் எழுத்தாகவே நின்றுவிடும்.

மற்றொன்று ‘தோல்வி மனப்பான்மை’ என்னும் தொடர். நம்பிக்கை தரும் முடிவை இலக்கியத்தில் வேண்டிநின்ற முற்போக்கு விமர்சனம், வீழ்ந்துபடும் மாந்தரைச் சித்திரித்த படைப்புகள் மீது இக்குற்றத்தைச் சுமத்தியதுண்டு. தனிமனித விரக்தியை மனித விதியாக்கும் எழுத்தை இனங்காண அது உதவியது. ஆயினும், அளவுகோல் இயந்திரப் பாங்காகக் கையாளப்பட்டவிடத்து வேறுபாடுகள் மங்கின. புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’ திருநெல்வேலிக் கிராமமொன்றிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு இழுத்துவரப்பட்ட மாந்தரின் கதை. அதில் மனிதர் வீழ்கின்றனர் என்பது உண்மை. ஆனால், அவர்களை வீழ்த்தும் ஊர்ச் சாதியமைப்பும் ஆள்பிடிக்கும் முறையும் தோட்டத் துரைத்தனமும் கதையினுள் முகம் காட்டி நிற்கின்றன. எதிராளியை அடையாளங்காட்டும் கதையைத் தோல்வி மனப்பான்மையின் வெளிப்பாடு என ஒதுக்குதல் பொருந்தாது. மறுபுறத்தில், கொடியேந்திய ஊர்வலத்துடன் முடியும் கதையொன்று, எதிராளியைத் தெளிவாகக் காணாதவிடத்து, உண்மையில் எதையும் வென்றதாகாது.

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவது இதுவே. தோல்வி என்னும் சொல்லை வழக்கிலிருந்து விலக்குதல் இயலாது; வேண்டியதுமன்று. அது பழமையும் வலிமையும் வாய்ந்த சொல். அதன் வினைவடிவம் பெற்றிருந்த உறுப்புகளை அதற்கு மீளவும் அளிப்பதே வேண்டப்படுவது. வரலாறு எழுதுவோரும் இலக்கியத்தை மதிப்பிடுவோரும் இச்சொல்லைக் கையாளும் ஒவ்வொரு வேளையிலும் யாரிடம், எதை, யார் வைத்த பணயத்தால் என்னும் மூன்றினையும் உடன் கூறக் கடமைப்பட்டவர். ஈழத்து நாட்டார் பாடல்களிலும் மலையக வாய்மொழி வழக்கிலும் தோற்றல், இழத்தல், வீழ்தல் என்னும் வினைகள் பயிலும் முறை தனித்து ஆராயப்படுதல் வேண்டும். உழைக்கும் மக்கள் தமக்கு நேர்ந்ததை எந்த வினையாற் கூறினர் என்பதை அறியாது, அவர்களின் வரலாற்றை நாம் முழுமையாக எழுதிவிட முடியாது.